மோர் ஆதாரம்

சம்பளம் இல்லாத வேலைக்கு இத்தனை சண்டை போடுகிறவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எனக்கு அவர்களைப் பழக்கப்படுத்தியவள் நாகஜோதி. வேலம்பாளையத்தில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் நான் கணக்குப் பார்க்கிறேன். அவளுக்கு டாக்குமெண்டேஷன், அதாவது கப்பலேறும் சரக்குக்கு வேண்டிய காகிதங்களைத் தயார் செய்யும் வேலை. இரண்டு பேர் மேஜைக்கும் நடுவில் ஒரு பிரிண்டர் மட்டும்தான். அவளுடைய கம்ப்யூட்டரில் முன்னால் இன்வாய்ஸ் திறந்திருக்கும். அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இன்னொன்று திறந்திருக்கும். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் வந்து திருத்தலாம் என்று இணையத்தில் தமிழில் நடக்கிற ஒரு கலைக்களஞ்சியம். அவர்களுக்குள் அதற்குச் சுருக்கமாகக் களஞ்சியம் என்று பெயர்.

எங்கள் முதலாளி தமிழ்செல்வன் அந்தப் பக்கம் நடந்து வந்தால் இன்வாய்ஸ் முன்னால் வந்துவிடும். அவருக்கும் விஷயம் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். வெளிநாட்டுக்காரன் மெயில் போடும்வரை உட்கார்ந்து கொட்டாவி விடுவதற்கு இது தேவலை என்று விட்டிருப்பார்.

நாகஜோதிக்கு உசிலம்பட்டிப் பக்கம். அப்பா குருசாமியும் அம்மா ஒச்சாயியும் மழை பொய்த்த ஒரு வருடம் மூட்டை கட்டிக்கொண்டு திருப்பூர் வந்தபோது இவள் பள்ளிக்கூடப் பிள்ளை. அம்மா ஒரு கம்பெனியில் செக்கிங் டேபிளில் சேர்ந்தாள். பள்ளிக்கூடம் முடிந்ததும் இவளும் அதே டேபிளுக்குப் போனாள். தைத்து வரும் பனியனை விரித்துப் போட்டு, பிசிறு வெட்டி, தையல் விட்டுப்போன இடத்தில் சின்னதாக ஓர் அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிட வேண்டும். தபாலில் பி.காம். முடித்து, கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு ஆபீசுக்குள் வரும்வரை அதுதான் அவள் வேலை. ஸ்டிக்கர் ஒட்டுவதில் இவளுக்கு இரக்கமே கிடையாது என்று ஒச்சாயியே சொல்வாள். தைத்தவர் யார் என்பது செக்கிங்கில் தெரியாது. கட்டுக்கட்டாக வரும், கட்டின்மேல் நம்பர் மட்டும் இருக்கும். ஆளைத் தெரிந்தால் ஒட்டுவதற்குக் கை வராது என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

களஞ்சியத்தில் அவள் வைத்துக்கொண்ட பெயர் பிசிறு. அங்கேயும் அவள் செய்தது செக்கிங்தான். யாரோ எழுதிப்போட்ட கட்டுரையை விரித்து, பிழைகளை வெட்டி, ஆதாரம் காட்டாத வாக்கியத்துக்குப் பக்கத்தில் 'ஆதாரம் தேவை' என்ற குறிப்பைப் போட்டுத் தள்ளுவாள். அதை அவள் ஸ்டிக்கர் என்று சொல்லப்போக, பெங்களூரிலும் துபாயிலும் உட்கார்ந்திருந்தவர்கள்கூட ஸ்டிக்கர் என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். நல்ல கட்டுரை வந்தால் 'பீஸ் பாஸ்'. கொஞ்சம் திருத்தினால் தேறும் என்றால் 'ஆல்டர்'. பனியன் கம்பெனி வாசலை மிதிக்காதவர்களெல்லாம் ஆல்டர், ஆல்டர் என்று பேசுவதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை. என்னைக் கூப்பிட்டுக் காட்டுவாள்.

அவர்களுக்குள் இப்படி நிறைய உண்டு. கொத்தமல்லி என்று தலைப்பு வைப்பதா மல்லி என்று வைப்பதா என்று மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவார்கள். தோற்றவர், 'இனி இந்தப் பக்கமே வரமாட்டேன், எல்லோருக்கும் வணக்கம்' என்று நீளமாக எழுதிவிட்டுப் போவார். மறுநாளே வந்து நிற்பார். உடனே அத்தனை பேரும் வரிசையாக, 'என்ன, பஸ் கிடைக்கலையா?' என்று கேட்பார்கள். நாகஜோதியே இரண்டு தடவை கோபித்துக்கொண்டு போய், பஸ் கிடைக்காமல் திரும்பியவள்தான். ஆபீசில் தனியாக உட்கார்ந்து ஸ்கிரீனைப் பார்த்துச் சிரிப்பாள். கல்யாணம் ஆகாத பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரித்தால் சுற்றி இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? "ஏன் புள்ள, யாராச்சும் மாட்டியிருக்காங்களா?" என்று நானே கேட்டிருக்கிறேன்.

"போங்கக்கா. எல்லாம் பேரு தெரியாத பயலுக" என்றாள்.

பெயர் தெரியாதவர்கள்தான். ஆனால் குருசாமிக்குக் கோயம்புத்தூரில் வயிற்றில் ஆபரேஷன் என்று ஆனபோது ரத்தம் வேண்டும் என்று களஞ்சியத்து ஆட்களின் அரட்டைக் குழுவில் இவள் ஒரு வரி போட்டிருந்தாள். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி வார்டு வாசலில் இரண்டு பேர் வந்து, "இங்க பிசிறுங்கிறது யாருங்க?" என்று கேட்டார்கள். அந்தப் பெயரில் நோயாளி யாரும் இல்லை என்று நர்ஸ் துரத்தப் பார்த்திருக்கிறாள். இவள் ஓடிப்போய்ப் பார்த்தால் ஒருவர் களஞ்சியத்தில் தட்டான் என்ற பெயரில் எழுதுகிறவர், இன்னொருவர் கொத்தமல்லிச் சண்டையில் இவளை நார்நாராய்க் கிழித்தவர். ரத்தம் கொடுத்துவிட்டு, "மல்லிதான் சரி" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அன்றிலிருந்து நான் அவர்களைப் பற்றி வாய் திறப்பதில்லை.

அந்தக் கூட்டத்தில் வந்து சேர்ந்தவர்தான் கிட்டுசாமி. குண்டடத்தில் தோட்டம் வைத்திருக்கும் விவசாயி. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மகள் வர்ஷினி இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விட, அவளுக்கு வாங்கிய கம்ப்யூட்டர் வீட்டில் சும்மா கிடந்திருக்கிறது. லீவில் வந்தவள் தமிழில் தட்டுவதற்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போக, குண்டடத்தான் என்று பெயர் வைத்துக்கொண்டு ஒற்றை விரலால் எழுத ஆரம்பித்துவிட்டார். சோளத்தட்டு, கொழுக்கட்டைப்புல், செம்மறியாடு என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினார். எழுத்தில் பிழை மலிந்திருக்கும், ஆனால் விஷயம் இருக்கும். நாகஜோதிதான் ஒவ்வொன்றாக ஆல்டர் பார்த்துவிடுவாள். 'நன்றிங்க பிசிறு' என்று ஒவ்வொரு தடவையும் எழுதுவார். சக எழுத்தாளர்களில் இவளுக்கு அவ்வளவு மரியாதையாக 'ங்க' போட்டு எழுதியவர் வேறு யாரும் இல்லை.

ஒருநாள் அவர் 'அங்கமுத்து கிணறு' என்று ஒரு கட்டுரை போட்டார். அங்கமுத்து என்பவருக்குப் பாகப் பிரிவினையில் பாறைக்காடு விழுந்தது, ஊரே சிரித்தது, அவர் கூலியாள் வைக்க வழியில்லாமல் தானே வெடி வைத்துத் தானே கல் சுமந்து வருடக்கணக்கில் ஒரு கிணறு வெட்டினார், பிற்பாடு வந்த பஞ்சத்தில் அந்தக் கிணற்றில் சுற்றுவட்டாரமே தண்ணீர் எடுத்தது, வேண்டாம் என்று அவர் யாரையும் சொல்லவில்லை. இவ்வளவுதான் கட்டுரை. நாகஜோதி வழக்கம்போல ஸ்டிக்கர் ஒட்டினாள். ஆதாரம் தேவை. அவர் மறுநாள் ஆதாரம் கொடுத்திருந்தார்.

'ஆதாரம்: கிணறு இன்றும் உள்ளது. குண்டடம் பஸ் நிறுத்தத்தில் இறங்கி யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். நேரில் வந்து பார்த்துக்கொள்ளலாம். வெயிலில் வருபவர்களுக்கு மோர் உண்டு.'

நாகஜோதி மேஜைமேல் கவிழ்ந்துகொண்டு சிரித்தாள். எனக்குப் படித்துக் காட்டுவதற்குள் அவளுக்கு மூச்சு முட்டியது. படித்ததும் எனக்கும் சிரிப்பு வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆதாரம் என்றால் இன்ன புத்தகத்தில் இன்ன பக்கம் என்று காட்ட வேண்டும். இந்த மனிதர் பந்தியே போட்டுவிட்டார். அரட்டைக் குழுவில் அவள் 'மோர் ஆதாரம்' என்று ஒரு பெயர் வைத்தாள். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. யாராவது ஆதாரம் இல்லாமல் எதையாவது எழுதினால், 'இது மோர்' என்றார்கள். ரொம்ப அளந்துவிட்டால் 'நீர்மோர்'. மாதாமாதம் ஆகமோசமான கட்டுரைக்கு 'மோர் விருது' என்று ஒரு டம்ளர் படத்தைப் போட்டுக் கொடுத்தார்கள். வேலையை ஆரம்பித்து வைத்தவள் என்று பிசிறுக்கு நல்ல பெயர்.

கடைசியில் கட்டுரையை நீக்குவதற்கு வாக்கெடுப்பு வைத்தார்கள். வைத்தவளும் இவள்தான். 'நீக்குக, எனக்கு ஒரு டம்ளர்' என்றார் பெங்களூரில் சாஃப்ட்வேரில் இருக்கும் மாதவன். 'நீக்குக, எனக்குக் கறிவேப்பிலை போட்டு' என்றார் இன்னொருவர். 'நீக்குக, உப்புக் குறைவு.' இப்படியே ஏழெட்டு. அதற்கெல்லாம் கீழே குண்டடத்தான் எழுதியிருந்தது ஒரே வரிதான். 'எல்லோரும் வாங்க, பெரிய போசியில் கலக்கி வைக்கச் சொல்கிறேன்.'

கட்டுரை போய்விட்டது. அவர் ஏன் என்று ஒரு தடவை மரியாதையாகக் கேட்டார். விதி என்று சொன்னார்கள். சரிங்க என்று விட்டுவிட்டார்.

அடுத்த மாசி மாதம் திருப்பூரில் ஒரு கூடல் வைப்பது என்று முடிவானது. ஜெபக்குமார் என்று ஒருவர், நாசரேத்துக்காரர், இங்கே கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறார், அவரும் களஞ்சியத்து ஆள்தான். ஞாயிற்றுக்கிழமை அவருடைய சென்டரில் எல்லோரும் சேருவது, அங்கே படிக்கும் பையன்கள் பெண்களுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுப்பது. சுவரில் காட்டுவதற்கான படங்களைத் தயார் செய்யும் பொறுப்பு நாகஜோதிக்கு. எப்படி எழுதக் கூடாது என்ற பாடத்துக்கு அவள் எதை வைத்திருப்பாள் என்று சொல்லவே வேண்டாம்.

கூடலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, யாரோ ஜெபக்குமாரிடம் நம்பர் வாங்கி ஆபீசுக்கு அவளைத் தேடிப் போன் போட்டார்கள். அவள் பக்கத்துப் பேச்சு மட்டும் எனக்குக் கேட்டது. "ஆமாங்க... நான்தாங்க... ஐயோ, அதெல்லாம் எதுக்குங்க... இல்லீங்க, வேணாங்க..." என்று இழுத்தவள், போனை வைத்ததும் முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

"யாரு?" என்றேன்.

"குண்டடத்தான்க்கா. வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாராராம். நாம எல்லாரும் மோரு மோருன்னு இம்புட்டு ஆசையா எழுதுறமாம், ஊடு தேடி வர ஒருத்தருக்கும் நேரமில்லையேன்னு அவரே பால் கேன்ல கொண்டு வாராராம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்ப அவருக்கு விஷயமே தெரியாதா?"

"தெரியலக்கா. நாமெல்லாம் அவரு மேல பிரியத்துல சொல்றோம்னு நெனச்சிட்டு இருக்காரு."

"சொல்லிப்போடு. இப்பவே திருப்பிப் போன் போட்டுச் சொல்லிப்போடு. அந்தப் படத்தையும் எடுத்துப்போடு" என்றேன். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாய் வந்தது. நான் வெள்ளகோவில்காரி. ஒரு வீட்டில் மோர் கொடுத்தால் அது என்ன மரியாதை என்று எனக்குத் தெரியும். காப்பி தண்ணி எல்லாம் யாருக்கும் கொடுப்பார்கள். வெயிலில் வந்தவனை உட்காரவைத்து மோர் கொடுப்பது வேறு.

அவள் போனை எடுத்தாள், வைத்தாள். என்னவென்று சொல்வது என்றாள். படத்தையாவது எடுத்துவிடு என்றேன். படம் ஜெபக்குமாரிடம் போய்விட்டது, கேட்டால் ஏன் என்பார், காரணம் சொல்ல வேண்டும் என்றாள். அப்புறம் அவளாகவே ஒரு சமாதானம் கண்டுபிடித்தாள். படத்தில் அவர் பெயர் எங்கும் இல்லை, பத்தோடு பதினொன்றாக ஓடிவிடும், அவருக்கு உறைக்காது. இதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அங்கேயே அவளை நாலு சாத்துச் சாத்தியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை துணைக்கு வா என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நாங்கள் போய்ச் சேரும்போதே கிட்டுசாமி வந்துவிட்டிருந்தார். வெள்ளை வேட்டி, கஞ்சி மடிப்புக் கலையாத சட்டை. பக்கத்தில் பொன்னாத்தாள், கல்யாணத்துக்கு உடுத்துகிற பட்டில். இரண்டு பேருக்கும் நடுவில் மூடி போட்ட பெரிய கேன்.

"பிசிறுங்கிறது நீங்கதானுங்களா கண்ணு? போன்ல பேசற வரைக்கும் நான் யாரோ பெரிய வாத்தியாருன்னு நெனச்சிட்டிருந்தனுங்க" என்று எழுந்து நின்று கும்பிட்டார். "நான் கிறுக்கி வெக்கறதையெல்லாம் இவங்கதான் புள்ள மெனக்கெட்டுத் திருத்துறது" என்று மனைவியிடம் சொன்னார். பொன்னாத்தாள் நாகஜோதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். நாகஜோதிக்கு முகம் ரத்தம் செத்துப் போயிருந்தது.

மோர் பிரமாதமாக இருந்தது. இஞ்சி தட்டிப்போட்டு, கொத்தமல்லி கிள்ளிப்போட்டு. பொன்னாத்தாள் தன் கையாலேயே எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். களஞ்சியத்து ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக் குடித்தார்கள். மாதவன் நேராக வந்து கிட்டுசாமியின் தோளைத் தட்டி, "சார், செம சார் நீங்க. இதைவிட யாரும் நம்மளக் கலாய்க்க முடியாது" என்றார். கேலிக்குப் பதில் கேலியாகத்தான் கேனோடு வந்திருக்கிறார் என்று அவருக்கு நினைப்பு. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கிட்டுசாமிக்கு ஒன்றும் தெரியாது என்பது அந்த இடத்தில் நாகஜோதி ஒருத்திக்குத்தான் தெரியும், அவளை விட்டால் எனக்கு. நான் வேற்றாள். அவள் நினைத்திருந்தால் மாதவன் காதில் ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். ஜெபக்குமார் பக்கத்தில் போய் எதையோ முணுமுணுத்தாள். "இப்ப மாத்துனா எல்லாம் குழம்பிரும்மா, விடு, பாத்துக்கிடலாம்" என்று அவர் வயரைச் செருகப் போய்விட்டார். அவளும் விட்டுவிட்டாள்.

பாடம் ஆரம்பித்தது. மாதவன் பேசினார். கம்ப்யூட்டரில் படத்தைத் தள்ளிவிடும் வேலை நாகஜோதிக்கு. கிட்டுசாமியும் பொன்னாத்தாளும் முன்வரிசையில். ஜெபக்குமாரின் மாணவர்கள் சுற்றிலும்.

'அங்கமுத்து கிணறு' சுவர் முழுக்க வந்தது.

"இதுல என்ன தப்பு, யாராவது சொல்லுங்க" என்றார் மாதவன். "ஒருத்தர் கிணறு வெட்டினார்ங்கிறாங்க. எந்தப் புத்தகத்துல இருக்கு? எந்தப் பேப்பர்ல வந்துச்சு? கீழ பாருங்க, ஆதாரம் என்ன கொடுத்திருக்காங்க?"

ஒரு பையன் வாய்விட்டுப் படித்தான். மோர் உண்டு என்ற இடத்தில் கொல்லென்று சிரிப்பு. "அதனாலதான் எங்களுக்குள்ள ஆதாரம் இல்லாத எதையும் மோர்னு சொல்றது" என்றார் மாதவன். கையில் டம்ளரோடு இருந்த பிள்ளைகள் டம்ளரைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு பொன்னாத்தாள் காதில் ஏறவே இல்லை. அவள் சுவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. புருஷனின் கையைத் தட்டி, "ஏனுங்க, அங்க பாருங்க, மாமன் பேரு!" என்றாள். பக்கத்தில் இருந்த பெண்ணிடம் திரும்பி, "எங்க மாமனாருங்க அவரு. அந்தக் கெணறு எங்க தோட்டத்துலதான் இருக்குது. எத்தன பெருசா எழுதிப் போட்டிருக்காங்க பாருங்க" என்றாள். எல்லோருக்கும் கேட்டது.

மாதவன் பேச்சு பாதியில் நின்றுவிட்டது. எப்படியாவது அந்தப் படத்தை மறைத்துவிட வேண்டும் என்ற பதைப்பில் நாகஜோதி பட்டனை அழுத்தினாள். அழுத்தினால் வருவது அடுத்த படம்தானே. 'மோர் விருது வென்ற கட்டுரை' என்ற தலைப்பு, ஒரு டம்ளர், அதற்குக் கீழே அந்த வாக்குகள். நீக்குக, எனக்கு ஒரு டம்ளர். நீக்குக, உப்புக் குறைவு. பெயரோடு. முதல் பெயர் பிசிறு.

கிட்டுசாமி உதடசைத்து எழுத்துக்கூட்டி ஒவ்வொரு வரியாகப் படித்தார். படித்ததுதான், முன்னாலும் படித்திருக்கிறார். அன்றைக்குப் பிரியமாகப் படித்தார். இப்போது சுற்றிலும் சிரிப்புச் சத்தத்தோடு படித்தார். ஒரு மனிதனுக்கு ஒரு விஷயம் புரிவதை அவ்வளவு பக்கத்தில் இருந்து நான் பார்த்ததில்லை. பார்க்காமலே இருந்திருக்கலாம்.

"ஏனுங்க சிரிக்கறாங்க?" என்றாள் பொன்னாத்தாள்.

"ஒண்ணுமில்ல புள்ள. இரு."

அவர் எழுந்து போகவில்லை. அதுதான் கொடுமை. கூட்டம் முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாதவன் உளறிக்கொட்டி ஏதோ பேசி முடித்தார். முடிந்ததும் கிட்டுசாமி கேனை எடுத்துக்கொண்டார். பாதிக்குமேல் மிச்சம் இருந்தது. "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க, பொறப்படறமுங்க" என்று பொதுவாகச் சொன்னார். நாகஜோதியிடம் வந்து, "நல்லா நடத்துனீங்க கண்ணு" என்று கும்பிட்டார். அவள் பதிலுக்குக் கும்பிடக்கூட இல்லை. கம்ப்யூட்டர் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதோடு குண்டடத்தான் எழுதுவது நின்றுபோனது. களஞ்சியத்தில் பெரிய ரகளை. மாதவன் மன்னிப்புக் கேட்டுப் பக்கம் பக்கமாக எழுதினார். விதி விதிதானே, அவர் முதலில் படித்திருக்க வேண்டும் என்று இரண்டு பேர் சொல்ல, அவர்களை மற்றவர்கள் பிடித்து உலுக்கினார்கள். மோர் என்ற வார்த்தையை அதற்குப் பிறகு அங்கே யாரும் எடுக்கவில்லை. நாகஜோதி எதிலும் கலந்துகொள்ளவில்லை. ஆபீசில் இன்வாய்ஸ் மட்டும்தான் திறந்திருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு மோர்ச்சோறு கொண்டுவந்திருந்த அன்றைக்குத் தூக்குவாளியைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவைத்தாள். "அவங்க என் கையைப் புடிச்சாங்கக்கா, அந்தம்மா" என்று திடீர் திடீரென்று சொல்வாள். ஸ்டிக்கர் ஒட்டுகிறவள் என்றைக்கும் தைத்தவரைப் பார்த்ததில்லை. இப்போது பார்த்துவிட்டாள், கண்ணை மூடினால் அதே முகம் என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவளும் குண்டடம் போனோம். நேரில் மன்னிப்புக் கேட்பது, கிணற்றைப் படம் எடுத்து, பஞ்சத்தில் தண்ணீர் எடுத்தவர்கள் யாராவது இருந்தால் கேட்டு எழுதி, கட்டுரையை மறுபடி ஏற்றுவது. அவள் திட்டம் அது. மாதவனும் சம்மதித்திருந்தார். வழியெல்லாம் என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பஸ் நிறுத்தத்தில் இறங்கி டீக்கடையில் கேட்டோம். "அங்கமுத்தய்யன் தோட்டமுங்களா?" என்று அவர்களே பெயர் சொல்லி வழி காட்டினார்கள்.

கிட்டுசாமி களத்தில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "வாங்க, வாங்க கண்ணு. இந்த வெயில்ல வந்திருக்கறீங்களே. ஊட்டுக்குள்ள வாங்க" என்று கட்டிலில் உட்காரவைத்தார். முகத்தில் துளி வித்தியாசம் இல்லை. பொன்னாத்தாள் வாசற்படிக்கு வந்து, வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்குக் கையைப் பிடித்துக்கொண்டவள் அவள்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

நாகஜோதி குனிந்த தலை நிமிராமல் கட்டுரை விஷயத்தைச் சொன்னாள். படம் எடுத்துக்கொள்கிறோம், ஆட்களிடம் கேட்டு எழுதுகிறோம், இந்தத் தடவை யாரும் நீக்க முடியாது என்றாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"வேண்டாமுங்க கண்ணு" என்றார். "இங்க எங்கய்யனத் தெரியாத ஆளே இல்லீங்க. அங்க கொண்டுபோய்த்தான் அவரச் சிரிப்பாச் சிரிக்க உட்டுட்டேன்."

"நாங்கதானுங்கய்யா... நான்தான்..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"உங்க பேர்ல தப்பே இல்லீங்க. நீங்க உங்க வேலையச் செஞ்சீங்க. தப்பு பூராவும் எம்பேர்லதானுங்க." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. உள்ளே கேட்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. "விதியெல்லாம் நான் படிச்சனுங்க கண்ணு. சொந்தக்காரங்களப் பத்தி எழுதக் கூடாதுன்னு போட்டிருந்துச்சு. எங்கய்யன்னு சொன்னா எடுத்துப்போடுவீங்கன்னு பயந்துக்கிட்டு 'அங்கமுத்து என்பவர்'னு எழுதிப் போட்டேன். பெத்தவர யாரோ ஒருத்தர்ன்னு எழுதுனவன் நானுங்க. அன்னைக்குப் பஸ்ஸுல வாரப்ப இவ அத ஒண்ணத்தான் கேட்டா, மாமன உங்கய்யன்னு ஏன் போடலைன்னு. என்னத்தச் சொல்லட்டுமுங்க நான்? இன்னிக்கி வரைக்கும் அவ மொகத்தப் பாத்துப் பேச முடியலீங்க."

பொன்னாத்தாள் காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். குடித்தோம். படம் எடுக்கக் கொண்டுவந்த கேமராவை நாகஜோதி பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. விடைபெறும்போது கிட்டுசாமி ரோடுவரை கூடவே நடந்துவந்து, கைகாட்டி பஸ்ஸை நிறுத்தி, ஏற்றிவிட்டார்.

வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த மன்னிப்பை அவள் கடைசிவரை கேட்கவில்லை. பல்லடம் தாண்டியதும், ஏண்டி சொல்லவில்லை என்று நான்தான் அவளிடம் எரிந்து விழுந்தேன்.

"என்னத்தக்கா சொல்ல?" என்றாள். "அம்புட்டையும் அவரே தன் தலையில எடுத்துப் போட்டுக்கிட்டாரு. அந்தம்மாவும் அவரு மேலதான் கோவமா இருக்காங்க, எம்மேல இல்ல. அந்த மனுசன்கிட்டப் போயி மன்னிச்சிருங்கன்னு எந்த வாயால கேப்பேன்?"